நேரில் பார்த்த தொட்டி

அந்தக் கோப்பு மட்டும் ஈரமாக இருந்தது. ரமலான் இருபத்தாறாம் நாள். ஏழு மாதமாக ஒரு சொட்டு மழை காணாத தெற்குத் தூனிசியா. மேசைமேல் வைத்த ரொட்டி அரை மணியில் கல்லாகிவிடும் வெக்கை. இதில் காகிதம் எப்படி நனையும்? ராதியா அதை விரலால் தடவிப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது சுண்ணாம்பும் பாசியும் கலந்த வாடை வந்தது. நிலத்தடித் தொட்டியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அதே வாடை.

வீட்டு முற்றத்தில் மழைநீர்த் தொட்டி கட்டிக்கொள்ள அரசு கொடுக்கும் மானியத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலி. ஊர் ஊராகப் போய்த் தொட்டியைப் பார்த்து, படம் எடுத்துவருவது லஸாத்தின் வேலை. அவன் பார்ப்பான், அவள் கையெழுத்துப் போடுவாள், மானியம் போகும். பெருநாள் நெருங்கினால் மலையோரத்துச் சனங்கள் காத்துக்கிடப்பார்களே என்று, வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்தும் முத்திரையும் வைத்து அவனிடம் கொடுத்துவிடுவாள். சட்டப்படி தப்புதான். ஆனால் அந்த அலுவலகத்தில் அதற்குப் பெயர் இரக்கம். அவளுடைய அம்மா மூச்சுத் திணறிக் கிடந்தபோது இருநூறு கிலோமீட்டர் விடாமல் வண்டி ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் லஸாத். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

நோன்பு மாதமென்பதால் இரண்டரை மணிக்கே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். காலியான நடைக்கூடத்தில் யாரோ நிறுத்த மறந்த மின்விசிறி கரக் கரக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கோப்பை ஜன்னலோர வெயிலில் விரித்துவைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தாள். அரை மணி கழித்துத் திரும்பினால் அது முன்பைவிட நனைந்திருந்தது. ஜன்னல் கட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

மப்ரூக்கா, விதவை, வயது அறுபத்திரண்டு, தனியாக வசிப்பவர், வேலை முடிந்தது என்று எழுதியிருந்தது. படத்தில் ஒரு முற்றம், நடுவில் புதிதாகப் பூசிய சிமெண்ட் மூடி, பக்கத்தில் கயிறும் வாளியும். வாளி இறங்க மூடியில் வாய் விட்டிருக்க வேண்டும். வாயே இல்லை. படிவத்தைப் புரட்டினாள். ‘நேரில் பார்வையிட்டவர்’ என்ற இடத்தில் லஸாத்தின் பெயரைக் காணோம். அங்கே அவளுடைய பெயர் இருந்தது.

போனை எடுத்து லஸாத்தை அழைத்தாள்.

“அண்ணே, மப்ரூக்கா வீட்டுத் தொட்டிய நான் பாத்ததா எழுதியிருக்கீங்களே?”

“அடடா, தங்கச்சிக்கு நோன்பு தலைக்கு ஏறிடுச்சு போல. தண்ணியில்லாம மூளையும் காஞ்சு போச்சா?”

“விளையாடாதீங்க. மூடியில வாயே இல்ல. அந்தம்மா எப்படித் தண்ணி எடுப்பாங்க?”

சிரிப்பு நின்றது. “அந்தக் கோப்பக் கிளறாத.”

“ஏன்?”

“கையெழுத்து யாரோடது? உன்னோடது. முத்திர? அதுவும் உன்னோடது. அதுல எங்கயாச்சும் நான் இருக்கேனா பாரு. வீட்டுக்குப் போய் சூப்பு வைக்கிற வழியப் பாரு.”

மறுபடி அழைத்தாள். போனை அணைத்துவைத்திருந்தான். மற்ற கோப்புகளையும் பிரித்தாள். இந்தப் பெருநாளுக்கு மட்டுமல்ல, மூன்று வருடமாக முன்கூட்டிக் கையெழுத்திட்டுக் கொடுத்த எல்லாவற்றிலும் நேரில் பார்த்தவள் அவள்தான். அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாய் கசந்தது. தப்பு வெளியே வந்தால் சிறைக்குப் போகப்போவது அவள் ஒருத்திதான். அந்த வலியிலும் ஒரு நப்பாசை விடவில்லை. மப்ரூக்காவின் தொட்டி ஒழுங்காக இருந்துவிட்டால் போதும், அவன் ஏதோ எரிச்சலில் பேசிவிட்டான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

மலையடிவாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓட்டினாள். ஒலிவ மரங்கள் தீர்ந்தன, பிறகு தார்ச் சாலை தீர்ந்தது. வழியெல்லாம் சுண்ணாம்பு வாடை வண்டிக்குள்ளேயே இருந்தது. கூடவே எடுத்துவந்த கோப்பிலிருந்து கசிந்த தண்ணீர் பக்கத்து இருக்கையையும் நனைத்துவிட்டிருந்தது. வீட்டை அடைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. அக்கம்பக்கத்தில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

தட்டுவதற்குள் கதவு திறந்தது.

“வாங்க மேடம். வர்றதுக்கு இத்தன நாளா?”

“மப்ரூக்கா அம்மாவா?”

“வேற யாரு இருக்கா இங்க? உள்ள வாங்க. பாங்கு சொல்லப் போறாங்க.”

ராதியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வழியெல்லாம் பயந்ததுபோல் இல்லை, உயிரோடு இருக்கிறாள். வெளிறிய முகம்தான், உடுப்பும் இடுப்புவரை நனைந்திருந்தது. துணி துவைத்திருப்பாள். தாழ்வான மேசையில் பேரீச்சம்பழம், பார்லி சூப், ஒரு குவளை தண்ணீர். தூரத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு எழுந்தது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, நாளெல்லாம் வறண்ட தொண்டைக்குள் குவளையைக் கவிழ்த்தாள். பனிக்கட்டிபோல் இறங்கியது. கடைசி மடக்கில் நாக்கில் சுண்ணாம்பு கரகரத்தது.

சூப்பில் ஆவி இல்லை. அடுப்பில் நெருப்பே இல்லை.

“இது எந்தத் தண்ணிம்மா?”

“தொட்டித் தண்ணிதான்.”

“மூடியில வாய் இல்லையே. எப்படி எடுக்குறீங்க?”

“மேல வர்றப்ப கையோட கொண்டு வருவேன்.”

ராதியா எழப் பார்த்தாள். கால் எழவில்லை. வயிற்றுக்குள் அந்தத் தண்ணீர் கனத்தது. திறந்த கதவு வழியே முற்றம் தெரிந்தது. சிமெண்ட் மூடி. அதிலிருந்து வாசற்படிவரை ஈரக் காலடிகள். வந்த காலடிகள் மட்டும்.

“கொத்தனார் பாதியில போயிட்டான்,” என்றாள் மப்ரூக்கா. குரலில் கோபமே இல்லை. “உங்க ஆளு கூலியத் தரலன்னான். நானே உள்ள எறங்கிப் பூசுனேன். செவரு சரிஞ்சு காலு மாட்டிக்கிச்சு. ரெண்டு நாளு கத்துனேன் மேடம். உங்க ஆளு படம் எடுக்க வந்தாரு. மேலருந்து எட்டிப் பாத்தாரு.”

“லஸாத்தா? அவன்... ஆள் கூப்பிடலையா?”

“கயித்தப் போடு தம்பின்னு கெஞ்சுனேன். ‘நான் என்னம்மா செய்யறது, மேடம் பாத்தாச்சு, மேடம்தான் மூடச் சொன்னாங்க’ன்னாரு. கடைசிக் கல்ல வைக்கிறப்பவும் உங்க பேரத்தான் சொன்னாரு.”

“நான் சொல்லலம்மா. சத்தியமா. எனக்குத் தெரியவே தெரியாது.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு பொம்பளையாச்சே, பாத்திருந்தா விட்டிருப்பாங்களா? வாங்க. இப்பப் பாருங்க.”

மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. ஊறி வெளுத்த கை. நகங்கள் இல்லை. உதறினாள். பிடி நழுவவில்லை. வாசற்படி. முற்றம். கத்த வாயைத் திறந்தாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது.

மூடியின் சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து கறுத்தது. ஈரம். நடுவரை ஈரம். இளகிய சிமெண்ட் மெதுவாக ஏறி இறங்கியது. மப்ரூக்கா அதன்மேல் முதல் காலை வைத்தாள், முழங்கால்வரை இறங்கியது. அடுத்த காலையும் வைத்தாள். இடுப்புவரை. பிறகு, பிடித்த கையை விடாமல், குனிந்து ராதியாவின் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரத்தில் ஒழுங்காக வைத்தாள்.