பன்னிரண்டு முடிச்சு

தெற்குச் சுவரின் மூன்றாவது முடிச்சு அவிழ்ந்திருந்தது.

உச்சி வெயிலில் காட்டைக் கொத்திவிட்டு வந்த மல்லையன், வீட்டுக்குள் தண்ணீர் மொள்ளக் குனிந்தபோது தோளில் ஏதோ உரசியது. நிமிர்ந்து பார்த்தால் நார். கூரையைச் சுவரோடு பிணைக்கும் பன்னிரண்டு முடிச்சுகளையும் ஈர ஆத்தி நாரால் அவனேதான் போட்டான். சுவரில் காலை ஊன்றிக்கொண்டு பல்லால் இழுத்து இறுக்கியவை அவை. மழையில் மக்கிவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் உள்பக்கமாகவே போட்டிருந்தான். அது தானாக அவிழ்வதாவது! அணிலின் வேலையாகத்தான் இருக்கும் என்று அணிலின் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு மறுபடி கட்டினான். கட்டி முடித்துப் பார்த்தபோது விரல் நுனியெல்லாம் கரியாக இருந்தது.

போன மாசிவரை வத்தல்மலையின் அந்தச் சரிவில் ஒன்பது வீடுகள் இருந்தன. தீப்பிடித்து ஒன்று போனது. தீ தின்ற இடத்தில் உலை வைக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்து, அவரவர் கூரையைப் பிரித்துச் சுமந்துகொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டார்கள். மல்லையனின் பெண்டாட்டி செல்லியும் பிள்ளைகளும்கூட அங்கேதான். இங்கே மிச்சம் மொட்டைச் சுவர்களும், அவற்றின் நடுவே தலையோடு நிற்கிற அவன் வீடு ஒன்றும். பேச்சுத் துணைக்கு ஒரு கோழிகூடக் கிடையாது. சித்திரைக் காற்று கிளம்பும்போது, கூரையில்லாத அந்த வீடுகளுக்குள் புகுந்து வாசல் வழியாக அது வெளியே வரும் சத்தம், யாரோ யாரையோ தேடிப் போவதுபோல் இருக்கும். அவனுக்கு அழுகை வரும். அதை யாரிடம் சொல்வது?

பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டான். புல்லின்மேல் மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினான். இரண்டு கோடியிலும் பானையில் தண்ணீர் ஏற்றி வைத்தான். காற்று கிளம்பும் முன்பே அடுப்பை அணைத்துச் சாம்பலையும் நனைத்துவிடுவான். யுத்த காலமானதால் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, விளக்கும் இல்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்திருந்தன.

அதற்கடுத்த நாள் காட்டுக்குப் போகும்போது கதவை வெளியே கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தபோது கயிறு கட்டியது கட்டியபடி இருந்தது. உள்ளே நான்கு நார்கள் தொங்கின. பல்லால் கடித்த அடையாளம் எதிலும் இல்லை. நிதானமாக, விரலால், ஒவ்வொரு சுற்றாகப் பிரித்திருந்தது. வீட்டுக்குள் புல் கருகிய வாடை லேசாக வந்தது. அடுப்பைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது.

அன்று செல்லி களி கொண்டுவந்தாள். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"பசங்க தெனமும் கேக்குதுங்க. இங்க என்னாத்துக்குத் தனியாக் குந்தியிருக்கீங்க?"

"நல்லா இருக்கிற வூட்ட வுட்டுட்டு வரச் சொல்றியா?"

செல்லி பக்கத்துச் சுவர்களைப் பார்த்தாள். கரி பிடித்த அந்த நான்கு சுவர்தான் ராமக்காவின் வீடு. ராமக்கா, காய்ச்சலில் செத்துப்போன அவன் தம்பியின் பெண்டாட்டி.

"நெசமாச் சொல்லுங்க. அன்னிக்கு ராமக்கா கொரல் குடுத்தாளா?"

"மூணு தரம் கூப்ட்டேன். சத்தமே இல்ல. ஊரே கேட்டுச்சே."

"நீங்க கூப்ட்டதுதான் ஊருக்குக் கேட்டுது" என்றாள் செல்லி. சட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் ஓடையைத் தாண்டி மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கூடவே ஓடிவிடலாம் என்று கால் துடித்தது. ஓடவில்லை. இந்தக் கூரையை விட்டுவிட்டால், அன்றைக்குச் செய்தது எதற்காக?

எரிகிற வீட்டின் முடிச்சுகளை வெட்டிவிடுவது மலையில் வழக்கம். வெட்டினால் கூரை உள்ளே சரிந்து சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடும். அடுத்த வீட்டுக்குப் பொறி பறக்காது. வெட்டுவதற்கு முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். அன்றைக்கு மல்லையன் ராமக்கா வீட்டுப் பின்சுவர் ஓரம் கொடுவாளோடு நின்று கூப்பிட்டான். மூன்றாவது தரம், சுவருக்கும் கூரைக்கும் இடையே இருந்த சந்து வழியாக, அவனுக்கு மட்டும் கேட்கிறமாதிரி ராமக்காவின் குரல் வந்தது. "இருங்க மாமா, வாரேன்." அந்த நேரம் பார்த்துக் காற்று அவன் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவன் வெட்டினான்.

விடிந்ததும் புது நார் கொண்டுவந்தான். இந்தத் தடவை முடிச்சுகளை வெளிப்பக்கமாகப் போட்டான். உள்ளே இருந்து எந்த விரலும் எட்டாது. பன்னிரண்டையும் முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொடுவாளைப் பின்சுவர் ஓரம் சாத்திவிட்டு, உள்பக்கம் எப்படி இருக்கிறதென்று பார்க்கப் போனான்.

சுவரின் மேல்விளிம்பு முழுக்கக் கீறல். நேற்றுவரை இல்லாதது. நான்கு நான்கு கோடுகளாக, மண்பூச்சு பெயர்ந்து, கோட்டுக்குள் கரி.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினான். அசையவில்லை. வெளியே கயிறு இறுகும் சத்தம், மெதுவாக, ஒவ்வொரு சுற்றாக.

"செல்லி?"

தலைக்குமேல் புல் நெரிகிற ஓசை. முதலில் ஒரு மூலையில். பிறகு எல்லா மூலையிலும். வாடை. கண் எரிந்தது. தரையில் கிடந்த தண்ணீர்க் குடத்தைத் தொட்டான். கை சுட்டது.

சுவரில் தொற்றி ஏறினான். விரலால் துழாவினான். முடிச்சு இல்லை. முடிச்செல்லாம் வெளியே. கீறினான். மண் பெயர்ந்தது. நகம் பெயர்ந்தது.

அப்போது பின்சுவருக்கு வெளியே ஒருவன் கூப்பிட்டான்.

"ராமக்கா! உள்ள இருக்கியா?"

மல்லையனுக்கு அந்தக் குரல் தெரியும். பிள்ளைகளை அதட்டும் குரல். நேற்று செல்லியிடம் பொய் சொன்ன குரல்.

"ராமக்கா!"

வாய் திறந்தான். புகை. இருமினான்.

"ராமக்கா! இருக்கியா?"

மூன்று.

"இருங்க" என்று கத்தினான். கத்தியது முனகலாகத்தான் வந்தது. "இருங்க, வாரேன்."

வெளியே சத்தம் நின்றது. கேட்டுவிட்டது. அவனுக்குக் கேட்டுவிட்டது.

காற்று திரும்பியது.

சந்து வழியாக ஒரு கை தெரிந்தது. விரலில் செம்பு மோதிரம். மல்லையன் தன் கையைப் பார்த்தான். அதே மோதிரம், அதே நெளிவு. வெளியே கொடுவாள் ஓங்கியது.

நார் அறுந்தது. சாம்பல் அவன் முகத்தில் கொட்டியது. அந்தக் கை அடுத்த முடிச்சுக்கு நகர்ந்தது.