ஒரு கல் விழுந்த அட்டிகை

“ஐயோ...! போச்சே...! அட்டிகை போச்சே...!”

அலறல் உள் அறையிலிருந்து வந்தது.

ஹாலில் இருந்தவர்களின் கையில் சொஜ்ஜித் தட்டு அப்படியே நின்றது.

மயிலாப்பூர், கச்சேரி ரோடு. 1934-ம் வருஷம். வக்கீல் ரகுபதி ஐயரின் பெண் அம்புஜத்தைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அலறியது ரகுபதியின் மனைவி குஞ்சம்மாள்.

நடந்தது இதுதான்.

பிள்ளையின் அம்மா பர்வதவர்த்தினி, தியாகராய நகர் ராவ் சாஹிப் வைத்தீஸ்வர ஐயரின் சம்சாரம். வந்ததிலிருந்து அவள் பெண்ணைப் பார்த்ததைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தாள். சுவரில் குஞ்சம்மாளின் பெரிய எண்ணெய்ச் சித்திரம். பட்டுப் புடவை... கழுத்தில் சிவப்புக் கல் அட்டிகை, நடுவில் பச்சைப் பதக்கம்!

“அந்த அட்டிகை பொண்ணுக்குத்தானே? கொஞ்சம் எடுத்துண்டு வாங்கோ மாமி. கையில வாங்கிப் பாக்கணும்.”

குஞ்சம்மாள் உள்ளே போனாள். போனவள் வரவில்லை. அலறல்தான் வந்தது!

“பெட்டியில வச்சிருந்தேன்... காணோமே...!”

“காணோமா? ஆத்துக்குள்ள யார் வந்தா? வேலைக்காரி யாராவது?” பர்வதவர்த்தினி எழுந்தே விட்டாள்.

“கொல்லையில... மாட்டுக் கொட்டாய் பெருக்கற கெங்கம்மா...”

சொன்ன மறுகணமே குஞ்சம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடித்து என்ன பிரயோஜனம்? சொன்ன சொல் வாசலைத் தாண்டிவிட்டது!

“டிரைவர்! போலீஸ் ஸ்டேஷனுக்கு வண்டியை எடு!” ராவ் சாஹிப் தொண்டை அதிரக் கத்தினார். “புகார் நான் எழுதித் தரேன்!”

“போலீஸெல்லாம் எதுக்கு...” ரகுபதி முனகினார்.

“வக்கீல் பேசற பேச்சா ஓய் இது?”

ரகுபதி தலையைக் குனிந்தார். குனிந்த தலை அப்புறம் வெகு நேரத்துக்கு நிமிரவேயில்லை.

*

சாணிக் கையோடு நின்ற கெங்கம்மாவின் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டியவர் சப்-இன்ஸ்பெக்டர் ராஜநாயகம்.

சாந்தோம்காரர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். ராவ் சாஹிப் பக்கத்திலேயே நின்று ‘கட்டும்!’ என்றார். கட்டினார். கச்சேரி ரோடு முழுக்க வேடிக்கை பார்க்க, அவளை நடத்திக் கூட்டிப் போனார். ஒரு பயல் ‘திருடி!’ என்று கத்தினான். கடைக்காரர்கள் சிரித்தார்கள்.

ஸ்டேஷன் மூலையில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“நைனா... உன்னிய எனக்குத் தெரியும். எங்கம்மாதான் உன் வூட்டுக்கு மீன் போட்டுக்கினு இருந்தா.”

ராஜநாயகம் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

“இன்னா நைனா திருடினேன் நானு? அதையாச்சும் சொல்லு.”

“அட்டிகை.”

“அது செவப்பா, கறுப்பான்னு கூட எனக்குத் தெரியாதே!”

“நாளைக்குக் கோர்ட்டுல சொல்லு.”

“கோர்ட்டா...!” அவள் முகம் வெளுத்தது. “எம் புருசன் குப்பன் கடலுக்குப் போய்க்கிறான். கரையேறினான்னா குப்பமே சேர்ந்து சொல்லும், உன் பொஞ்சாதி திருடின்னு. இன்னா மூஞ்சிய வெச்சுக்கினு நான் அவன் எதிர்ல நிப்பேன்?”

ராஜநாயகம் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அங்கே உட்கார அவருக்குக் கூசியது.

*

“கெங்கம்மா எந்த வழியா உள்ள வந்திருப்பா? சமையல் ரூம் வழியாவா?”

கேட்டது ராஜநாயகம். வக்கீல் வீட்டு ஹால் இப்போது காலி. பிள்ளை வீட்டார், ‘அட்டிகை கிடைச்சா சொல்லி அனுப்புங்கோ’ என்று போய்விட்டிருந்தார்கள்.

“உள்ளயா? அவளா?” குஞ்சம்மாள் பதறினாள். “சிவ சிவா! கொல்லைப்படியை அவ தாண்டினதே கிடையாது. அவ கால் பட்டா ஆம் பூரா அலம்பி விட்டுடுவேன்!”

“இன்னைக்கு அலம்பினீங்களா?”

“இல்லையே...”

அவள் வாய் திறந்தபடியே நின்றது.

ரகுபதி கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜநாயகம் அதற்குமேல் கேட்கவில்லை. விளக்கைத் தூக்கிச் சித்திரத்தின் கிட்டே பிடித்தார். பார்த்தார்... மறுபடி பார்த்தார்.

“பதக்கத்துக்கு இடது பக்கம் ஒரு கல் இல்லையே? குழி மட்டும் இருக்கு.”

“அது... விழுந்துடுத்து.”

“எப்ப?”

“போன தீபாவளிக்கு” என்றாள் குஞ்சம்மாள்.

“கல்யாணத்தன்னிக்கே” என்றார் ரகுபதி.

இரண்டும் ஒரே நேரத்தில்!

ராஜநாயகம் சிரிக்கவில்லை. படத்தின் அடியில் இருந்த கையெழுத்தைப் படித்தார். இனாயத், ராயப்பேட்டை.

“நகையைக் கிட்ட வச்சுப் பார்த்து எழுதியிருப்பாரு. காலையில அவரைக் கேட்டா அடையாளம் சொல்லுவாரு.”

“அவரை எதுக்கு...!” குஞ்சம்மாளின் குரல் கீச்சிட்டது.

*

“இந்த அட்டிகையா சாப்?”

ஆர்ட்டிஸ்ட் இனாயத் தூரிகையால் சுவரைக் காட்டினார்.

ஆணியில் தொங்கியது... சிவப்புக் கல்... பச்சைப் பதக்கம்... இடது பக்கம் ஒரு குழி!

ராஜநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இது எப்படி உங்ககிட்ட?”

“பித்தளை சாப்! கல்லெல்லாம் கண்ணாடி. ஒரு நாடகக் கம்பெனி மூடினப்போ வாங்கினேன். ராணி வேஷக்காரன் போட்டுக்கினு இருந்தது.”

“வக்கீல் சம்சாரம் கழுத்துல...?”

“யாரு சாப் நேர்ல வந்து உக்கார்றாங்க? போட்டோவைக் குடுப்பாங்க. மொகம் அவங்களுது. புடவை, நாற்காலி, நகை எல்லாம் என்னுது. ‘கழுத்து வெறிச்சுனு கீதே, எதுனா போடட்டுமா’ன்னு ஒரு வார்த்தை கேப்பேன். வேணாம்னு சொன்ன ஒரு அம்மாவை நான் இன்னும் பார்க்கல!”

“இது மோசடி இல்லையா?”

இனாயத் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்க பாட்டன் ஒரு நவாபைப் படம் எழுதினாரு சாப். நவாபு வாள் அப்போ சேட்டுகிட்ட அடமானத்துல கீது. படத்துல பாத்தா இடுப்புல ஜம்முனு தொங்குது! அதுக்கு முன்னாடி வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து எழுதினான். அவனும் தொப்பையைக் குறைச்சான், வைரத்தைக் கூட்டினான். படம்னு ஒண்ணு வந்த நாள்லேருந்து இதே கதைதான். இப்ப ராஜா போய்ட்டாரு, வக்கீலும் ஆபீசரும் வாங்குறாங்க.”

“கல்லு விழுந்த குழியையும் ஏன் எழுதினீங்க?”

“கண்ணு பாக்குறதைக் கை எழுதிடுது சாப். கேட்டவங்க யாரு? நீங்கதான் மொத ஆளு.”

“இதை வேற யாருக்கெல்லாம் போட்டிருக்கீங்க?”

“அது மட்டும் கேக்காதீங்க. பேர் சொன்னா நான் கடையை மூட வேண்டியதுதான்.”

ராஜநாயகம் அந்தக் கண்ணாடி அட்டிகையைக் கடன் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவில் ரகுபதி ஐயர் நின்றுகொண்டிருந்தார். குடுமி அவிழ்ந்திருந்தது. ராத்திரி தூங்காத முகம்.

“சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாரு.”

“வெக்கமா இருக்கு சார். செத்துப் போயிடலாம் போல வெக்கமா இருக்கு.” பெரிய கோர்ட்டில் மணிக்கணக்காகப் பேசுகிறவருக்கு இங்கே வார்த்தை வரவில்லை. “படத்துல இருந்ததை அவா நெஜம்னு நெனச்சுண்டா. இல்லைன்னு சொல்ல எங்களுக்கு வாய் வரலை. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டா சரியாப் போயிடும்னு... கெங்கம்மா பேரு வரும்னு நெனக்கவே இல்லை சார்.”

“வந்தப்பறம்?”

ரகுபதி தெருப் புழுதியைப் பார்த்தார்.

“வந்தப்பறம் நீங்க சும்மா இருந்தீங்க. சட்டம் படிச்சவரு. கயிறு கட்டறப்ப பார்த்துக்கிட்டு நின்னீங்க.” ராஜநாயகம் தொப்பியைக் கழற்றினார். “உங்களை மட்டும் என்ன சொல்றது? கட்டினவன் நான். எனக்கும்தான் வெக்கமா இருக்கு.”

“பொண்ணு கல்யாணம் சார்...”

“கெங்கம்மாவுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல கோர்ட்டுக்குக் கொண்டு போகணும்.”

ரகுபதி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு முடிவுக்கு வந்தார்.

“புகார் குடுத்தது ராவ் சாஹிப். நானே அவர்கிட்ட வந்து உண்மையைச் சொல்லிடறேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும். வாங்கோ!”

ஜட்கா தியாகராய நகரை நோக்கி ஓடியது.

*

புது பங்களா. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஹாலில் பர்வதவர்த்தினி ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராவ் சாஹிப் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன இன்ஸ்பெக்டர்? அவ ஒத்துண்டாளா? நாலு அடி போட்டுக் கேக்க வேண்டாமோ? அட்டிகை வரலைன்னா இந்தச் சம்பந்தம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்!”

ரகுபதி முன்னே வந்தார். கை கூப்பினார்.

“மாமி... அப்படி ஒரு அட்டிகையே எங்காத்துல...”

“ஒரு நிமிஷம் சார்!”

தடுத்தது ராஜநாயகம்.

அவர் கண் சுவரில் இருந்தது. ஊஞ்சலுக்குப் பின்னால், தங்க முலாம் சட்டத்துக்குள், பர்வதவர்த்தினியின் எண்ணெய்ச் சித்திரம்!

கழுத்தில்...

அவர் ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பைக்குள் கையை விட்டார்.

“நகை கிடைச்சுடுச்சு அம்மா.”

“கொண்டாங்கோ... கொண்டாங்கோ!” பர்வதவர்த்தினி ஊஞ்சலிலிருந்து குதித்தாள்.

“கிடைச்சதுல ஒரு சிக்கல். பதக்கத்துக்கு இடது பக்கம் ஒரு கல் விழுந்திருக்கு. வக்கீல் ஆத்துப் படத்துலயும் அப்படித்தான் இருக்கு. ஆனா...” ராஜநாயகம் விரலை நீட்டினார். “இந்தப் படத்துல உங்க கழுத்துலயும் அதே நகை. அதே இடத்துல அதே குழி!”



ரகுபதி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து ‘ஹ...!’ என்று ஒரு காற்று மட்டும் வந்தது.

“என்ன உளர்றீர்?” ராவ் சாஹிப் கர்ஜித்தார். “அது இவ பொறந்தாத்துச் சீதனம்! பாங்கு பெட்டியில இருக்கு! ஊருக்கே தெரியும்!”

“நல்லதாப் போச்சு. வாங்க, எல்லாரும் பாங்குக்குப் போவோம். அங்க இருந்தா, திருட்டு நகை உங்க பெட்டியில இருக்குன்னு எழுதிக்கறேன். இல்லைன்னா...”

“வேண்டாம்!”

பர்வதவர்த்தினிதான் கத்தினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“அது பாங்குல இல்லை.”

“பின்ன எங்கடி?”

“எங்கயுமே இல்லை... அது வெறும் பெயிண்ட், ன்னா!”

ராவ் சாஹிப் ஊஞ்சல் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். எத்தனை கல்யாணங்களில் அந்த அட்டிகையைப் பற்றி அவர் அளந்திருப்பார்!

“உங்காத்துப் படத்துல அதைப் பார்த்தேன்” என்றாள் பர்வதவர்த்தினி, ரகுபதியைப் பார்க்காமலே. “அதுதான் அசல், அதைப் பார்த்துத்தான் எனக்கும் எழுதிட்டான்னு நெனச்சேன். உங்ககிட்டேருந்து வாங்கிட்டா என் பொய் நெஜமாயிடும்னு... ஒவ்வொரு நவராத்திரிக்கும் ‘எங்கே, போட்டுக்கோயேன்’னு கேக்கறா. மானம் போறது.”

“எங்காத்துலயும் பெயிண்ட்தான் மாமி” என்றார் ரகுபதி.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ராஜநாயகம் கண்ணாடி அட்டிகையை ஊஞ்சலில் வைத்தார். அது ‘டிணுக்’கென்று பித்தளைச் சத்தம் போட்டது.

“ராவ் சாஹிப்! புகாரை வாபஸ் வாங்கி ரெண்டு வரி எழுதுங்க.”

ராவ் சாஹிப் எழுதினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே கேட்டார்:

“ஓய் ரகுபதி... தை மாசத்துல நல்ல முகூர்த்தம் இருக்கா பாரும். அட்டிகைப் பேச்சே வேண்டாம். வெளியில மட்டும் மூச்சு விடப்படாது!”

பத்துப் பொருத்தமும் இருக்கிற ஜாதகம்கூட இப்படிப் பொருந்தாது!

*

ஸ்டேஷனில் ரகுபதி பார்த்துக்கொண்டு நிற்க, கயிற்றை அவிழ்த்தவரும் ராஜநாயகம்தான். மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மன்னிச்சுடும்மா. அப்படி ஒரு அட்டிகையே கிடையாது, வக்கீல் வீட்டுப் படத்துல எழுதின வெறும் பெயிண்ட்டு.”

கெங்கம்மா புடவைத் தலைப்பை உதறினாள்.

“வக்கீல் சார்! எந்த ரோட்டுல அவளைக் கூட்டி வந்தேனோ, அதே ரோட்டுல நீங்க கூட நடங்க. கேக்கறவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. நானும் பின்னாடி வரேன்.”

கச்சேரி ரோட்டில் காலைக் கூட்டம். கெங்கம்மா முன்னே. ரகுபதி பின்னே. கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன சாமி, திருடியை விட்டுட்டாங்களா?”

“இவ எடுக்கலை. தப்பு எங்காத்துமேல” என்றார் ரகுபதி. அடுத்த கடையிலும் சொன்னார். அதற்கடுத்த கடையிலும். ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகியது. ஆனால் சொன்னார்.

வீடு வந்தது. வாசலில் குஞ்சம்மாள். அழுது வீங்கிய கண்.

“கெங்கம்மா... புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்டி. கொல்லைப் பக்கம் போகாதே. வாசல் வழியா உள்ள வா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.”

கெங்கம்மா வாசற்படியைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாகத் தெரிந்த ஹாலைப் பார்த்தாள். அங்கே சுவரில், சிவப்புக் கல்லும் பச்சைப் பதக்கமுமாக ஜொலித்துக்கொண்டிருந்த குஞ்சம்மாளைப் பார்த்தாள்.

‘ஓகோ... இதானா அது?’

இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“நான் உள்ள வர்லம்மா. வந்தா வூட்ட அலம்புவே... அந்தத் தண்ணிய வீணாக்காத, மொதல்ல படத்துல கீற உன் கழுத்த அலம்பு!”