தக்கை மேலே நிற்க வேண்டும்

"லாரியை எடுங்க! ஏங்க... லாரியை எடுங்க!"

டெலியா பிக்கெட் கொட்டும் மழையில் நின்று கத்தினாள். கத்தி என்ன பயன்? அவள் குடும்பத்து விஸ்கி ஆலையின் கிடங்குக்கு இறங்கும் தண்டவாளத்தில் இருநூற்று நாற்பது கிலோ போர்பன் பீப்பாய் ஏற்கெனவே உருளத் தொடங்கிவிட்டது. தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பச்சை நிற பிக்கப் லாரி, தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் ஹாயாக நின்றிருந்தது.

டொம்!

பீப்பாய் லாரியின் பம்பரில் மோதி நின்றது. வயிற்றுத் துளையை அடைத்த தக்கை இருந்த பக்கம் கீழே. சொட்டு... சொட்டு... ஆறு வருடம் காத்திருந்த விஸ்கி மழைத் தண்ணீரோடு சேர்ந்தது.

கதவு திறந்தது. முதலில் சேறு அப்பிய பூட்ஸ், பிறகு ஒரு தொப்பி, பிறகு இரண்டு கண்கள். அந்தக் கண்களைப் பார்க்க டெலியாவுக்கு அப்போது நேரமில்லை. (பார்த்தாள். சாம்பல் நிறம். இமையில் ஒரு மழைத்துளி... சரி, போதும்.)

"சாரி மேடம்... தண்டவாளத்தை கவனிக்கல."

"இத்தனாம்பெரிய தண்டவாளம் கண்ணுக்குத் தெரியல, உங்களுக்கு லைசென்ஸ் யாரு குடுத்தது?"

அவன் குனிந்தான், பீப்பாயின் இரு பக்கமும் கை வைத்து, ஒரே புரட்டில் தக்கையை மேலே கொண்டுவந்தான். சொட்டு நின்றது. தொழில் தெரிந்த கை!

"இங்க டி. பிக்கெட்னு ஒருத்தர் இருக்காராமே..." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அவரைப் பார்க்கணும். மனுஷன் எப்படி, ரொம்ப சிடுமூஞ்சியா? அறுபத்தஞ்சு வயசாவது இருக்கும். வயித்துப் புண்ணும் இருக்கும்னு நினைக்கிறேன்."

டி. பிக்கெட்டுக்கு வயது இருபத்தெட்டு. வயிற்றுப் புண் இதுவரை இல்லை. இன்றைக்கு வந்தாலும் வரலாம்.

"அதெப்படித் தெரியும்?"

"அவர் எழுதுற கடுதாசியைப் படிச்சா தெரியும்."

டெலியா திட்டிக் கடிதம் எழுதாத ஆளே கிடையாது. பாட்டில்காரர், தக்கைக்காரர், பலகைக்காரர், அட்டைப்பெட்டிக்காரர்... இதில் இவன் யாரோ?

"டி. பிக்கெட் பிஸி. ஆலையைச் சுத்திப் பாக்க வந்தவங்க டூர் முடியட்டும். அதுவரைக்கும் உள்ள வந்து மத்தவங்களோட உக்காருங்க!"

அன்றைக்குப் போய் இந்த வம்பு வர வேண்டுமா? நான்கு மணிக்கு அப்பா புது விஸ்கியின் லேபிள் தாளில் கையெழுத்துப் போடப்போகிறார். மூன்று வருடச் சண்டைக்குப் பிறகு! அப்பா வெர்னன் பிக்கெட்டைப் பொறுத்தவரை போர்பன் ஒரே ஒரு பீப்பாயைத்தான் பார்க்க வேண்டும்: உள்ளே கருக்கிய புது ஓக் மரம். அங்கிருந்து நேரே பாட்டில். டெலியாவோ, அதற்குப் பிறகும் வேறு மரத்தின் சுட்ட பலகைகளை உள்ளே போட்டு மூன்று மாதம் ஊற வைக்க ஆசைப்பட்டாள். "கல்யாணமான பொண்ணுக்கு ரெண்டாவது மாப்பிள்ளை பாக்குற!" என்று அப்பா கத்துவார். கடைசியில் செர்ரி மரம் போட்ட ஆறு பீப்பாயை ருசி பார்த்துவிட்டு, "சரி... உன் நாக்கை நம்புறேன்" என்றார். கையெழுத்து விழாவிட்டால், ஆறையும் பழையபடி சாதாரண விஸ்கியில் கலந்துவிடுவார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ருசி பார்க்கும் அறையில் அவனைத் தவிர ஆறு பேர். ஆளுக்கு மூன்று சின்ன கிளாஸ்.

"உடனே முழுங்காதீங்க. வாயில வச்சு மெல்லுங்க... சோறு மெல்லுற மாதிரி. இங்க நாங்க அப்படித்தான்."

எல்லோரும் அசைபோட்டார்கள். முதல் கிளாஸ் வெறும் ஓக், இரண்டாவது இன்னொரு தரம் சுட்ட ஓக்.

"இப்போ மூணாவது. செர்ரி மரம்!"

"ஐயோ, அப்படியே செர்ரி!" என்றாள் ஒஹாயோவிலிருந்து வந்திருந்த மஞ்சள் மழைக்கோட்டு அம்மாள்.

"கொட்டைகூடத் தெரியுது," என்றார் அவள் கணவர்.

பச்சை லாரிக்காரன் மட்டும் தலையாட்டவில்லை. முகர்ந்தான். மென்றான். கண்ணை மூடினான். திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சாருக்குப் பிடிக்கலையோ?" என்றாள் டெலியா, எல்லோருக்கும் கேட்கும்படி.

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் கஷ்டமா இருக்கு... நான் டி. பிக்கெட்கிட்ட உடனே பேசணும்."

"பேசுங்க. நான்தான் டி. பிக்கெட்!"

சிடுமூஞ்சி, அறுபத்தைந்து வயது, வயிற்றுப் புண்... எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக ஓடி மறைவதை அவளால் பார்க்க முடிந்தது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

இருவரும் கறுப்படித்த கிடங்குச் சுவரோரம் போய் நின்றார்கள்.

"நான் ஜூட் பாலார்ட். உங்களுக்குப் பலகை அனுப்புறவன்."

பாலார்ட்! பதினேழு கடிதம் வாங்கியும் அசையாத மகராசன்! 'பலகை வரவில்லை.' 'பலகை இன்னும் வரவில்லை.' 'பாலார்ட் அவர்களே, மரம் இப்போதுதான் முளைவிடுகிறதா?'

"நவம்பர்ல ஒருவழியா அனுப்பினேன்ல... அதுக்கு முந்தின நாள் ஷெட்டு ஒழுகி, கட்டு மேல போட்ட சாக்பீஸ் குறியெல்லாம் அழிஞ்சுபோச்சு. சுட்டப்புறம் எல்லா மரமும் ஒரே வெல்ல நிறம். நீங்க வேற அவசரப்படுத்தினீங்க..."

"நானா?"

"இல்ல, தப்பு என்னோடதுதான். நேத்து பார்த்தா, உங்க செர்ரிக் கட்டு என் ஷெட்டுலயே இருக்கு. உங்களுக்கு வந்தது மேப்பிள் மரம். இப்ப ருசி பார்த்ததும் உறுதியாயிடுச்சு."

"பொய்! அதுல செர்ரி இருக்கு. நானே ருசி பார்த்தேன். உள்ள ஆறு பேரு ருசி பார்த்தாங்க!"

"நீங்க செர்ரின்னு சொன்னப்புறம்தானே..." மெதுவாகத்தான் சொன்னான். ஆனாலும் சுருக்கென்று தைத்தது. "நான் வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சொல்றதும் விடுறதும் உங்க இஷ்டம். உங்களுக்குத் தெரிஞ்சாகணும்னு வந்தேன்."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

மணி நான்காக இன்னும் பத்து நிமிடம். வாயை மூடிக்கொண்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. கொட்டை வரை ருசிக்கிற ஆட்கள் இருக்கும் உலகத்தில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் லேபிளில் 'செர்ரி' என்று இருக்கும், கீழே அப்பாவின் பெயர் இருக்கும். சே! இவன் ஏன் வந்தான்? ஒரு போன் பண்ணித் தொலைத்திருக்கலாமே! தப்பும் பண்ணிவிட்டு இவ்வளவு நேர்மையாக ஏன் நிற்க வேண்டும்? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் உள்ளே போனபோது அப்பா பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்கப்பா."

ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். "என் நாக்கை நம்புறேன்னீங்க. என் நாக்கு பலகையோட வந்த பில்லுல இருந்த பேரைத்தான்பா ருசி பார்த்திருக்கு..."

வெர்னன் மேஜை மேலிருந்த கிளாஸை எடுத்து ஒரு வாய் மென்றார்.

"எனக்கு இதுல செர்ரி தெரியவே இல்ல."

"என்னது?"

"நானும் தேடித் தேடிப் பாத்தேன். நீ அடிச்சுச் சொல்றியே, நமக்குத்தான் வயசாயிடுச்சு போலன்னு கம்முனு இருந்தேன்."

"அப்பா!"

"ருசி பிடிச்சுதாம்மா ஒத்துக்கிட்டேன். பேருக்காக இல்ல. மேப்பிள்னு மாத்தி எழுதிட்டு வா, போடறேன்." பேனாவை மூடினார். "உன் நாக்கு தப்பு பண்ணும். நீ தப்பு பண்ண மாட்ட. எனக்கு அது போதும். ஆமா, அந்தப் பலகைக்காரன் போயிட்டானா?"

டெலியா ஓடினாள்.

போகவில்லை. தொப்பலாக நனைந்து, லாரியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் கிளம்பலையா நீங்க?"

"லாரியை எடுத்தா உங்க பீப்பாய் உருண்டுடுமே..."

"முட்டுக்கட்டை அந்த மூலைலதான் கிடக்கு! யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

"போன்லயே இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்..." தொப்பியைக் கழற்றிப் பிழிந்தான். "அந்தக் கடுதாசி எழுதுற ஆளை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு தோணுச்சு. பதினேழையும் ஷெட்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். தினமும் ஒண்ணு படிச்சு சிரிச்சுட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பேன். கிழவர்னு நினைச்சப்பவே உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு... இப்ப..."

"இப்ப?"

"இப்ப சுத்தமா முடியல."

டெலியாவுக்குக் காது மடல் சுட்டது. விறுவிறுவென்று போய் முட்டுக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் லாரியைப் பின்னுக்கு எடுத்துவிட்டு வந்தான்.

"இதைக் கிடங்குல சேர்த்துட்டுப் போங்க."

பீப்பாய் போய் நிற்கும்போது தக்கை மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசியும். அதற்காகத் தக்கையைக் கடிகார முள்போல எத்தனை மணியில் வைத்து உருட்டிவிடுவது என்று முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். பலகைக்காரனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு.

ஜூட் பீப்பாயில் கை வைத்தான். "தக்கை சரியா மேல வந்து நின்னா... வெள்ளிக்கிழமை எங்க ஊர் சர்ச்சுல மீன் வறுவல் விருந்து. நீங்க என்கூட வரணும்."

"முதல்ல உருட்டுங்க!"

உருண்டது... உருண்டது... கிடங்கு வாசலில் போய் நின்றது. இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள்.

தக்கை கீழே. சொட்டு... சொட்டு...

"கணக்கு தப்பிடுச்சு," என்றான் பரிதாபமாக. "தப்பான மணியில வச்சிருக்கேன். நீங்களாவது பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் எங்க பீப்பாயைப் பார்த்தேன்? உங்க மூஞ்சியை இல்ல பார்த்துட்டு நின்னேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். சாம்பல் கண்கள் அவளையே பார்த்தன.

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? டெலியா இரண்டு கைகளையும் பீப்பாயில் பதித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தம் பிடித்துத் தள்ளினாள். பீப்பாய் முனகிக்கொண்டே அரைச் சுற்றுச் சுற்றியது. தக்கை மேலே வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை ஆறு மணி," என்றாள் மூச்சிரைக்க. "லேட்டா வந்தீங்க... பதினெட்டாவது கடுதாசி வரும்!"