மூன்றாம் கட்டிலில் அடிக்காத மணி

காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு, மூன்றாம் கட்டிலில் இருந்தவர் காலமானார். அவர் ரப்பரால் ஆனவர் என்பதால் யாரும் அழவில்லை. ஆனால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற மேலாளரின் முகத்தில் மட்டும், சொந்தத்தில் யாரோ போய்விட்ட களை.

அந்த நிறுவனம் மருத்துவமனைகளுக்கு ஒரு பெட்டி செய்து விற்றது, வார்டுக்கு ஒன்று. எந்தக் கட்டிலில் எப்போது மருந்து தீரும் என்று சொல்லி வைத்தால், அந்த நேரத்துக்கு மணி அடிக்கும். அவ்வளவுதான் வேலை. இத்தனை வருடம் அது ஒரு கெர்னலின் மேல் ஒழுங்காக ஓடியது. கெர்னல் என்பது கணினியின் அடிமடியில் உட்கார்ந்து எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் நிரல். இந்த மாதம் பெட்டியை வேறொரு கெர்னலுக்குக் குடிமாற்றியிருந்தார்கள். இன்று ஒத்திகை. ஆறு கட்டில், ஆறு பொம்மை, நிஜமான ஒரு நர்ஸ்.

சோதனைப் பிரிவின் தலைவி உள்ளே வந்தபோது தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகு திரும்பும் வரை பொறுப்பதும் இல்லை.

"பூட்டுல ஓட்டை," என்றார் தலைமைக் கட்டமைப்பாளர். பதவியின் நீளம் வாயில் நிற்காததால் எல்லோரும் அவரைச் சிற்பி என்பார்கள். அவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கை ஒரே நேரத்துல மணியெல்லாம் அடுக்கி வெச்ச மரத்துல பட்டிருக்கு. ஒரு மணி கீழ விழுந்துடுச்சு. பூட்டு எழுதினது யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை."

வேண்டியதில்லைதான். ஒரு வேலை முடியும்வரை இன்னொன்று மணிகளைத் தொடாமல் காக்கும் அந்தப் பூட்டு நிரலை எழுதியவன் சுவரோரமாக நின்றிருந்தான். பூதக்கண்ணாடியின் கொழுந்தன். பயிற்சிக் காலத்தின் கடைசி நாள். மாலைக்குள் வேலை நிரந்தரமாகும், அல்லது அவன் வீட்டோடு நிரந்தரமாவான்.

"நான் பார்க்கலாமா?" என்றாள் அவள்.

சிற்பி சிரித்தார். "பாருங்க, பாருங்க. அண்ணி வந்தாச்சு, இனி கொழுந்தனுக்கு என்ன குறை!"

மேலாளர் கைக்கடிகாரத்தைத் தொட்டார். "மூணு மணிக்கு என் ரூமுக்கு வாங்க. அதுக்கப்புறம் நான் முடிவெடுத்தாகணும்."

காலை 9.30. முதல் சாட்சி, நர்ஸ்.

"என்ன வெச்சீங்க, சொல்லுங்க."

"ஒண்ணாம் கட்டிலுக்கு எட்டு மணி. ரெண்டாவதுக்கு எட்டு அஞ்சு. மூணாவதுக்கு எட்டு. மத்தது எட்டரைக்கு மேல."

"அடிச்சது?"

"ஒண்ணு அடிச்சது. ரெண்டு அடிச்சது. மூணு வாயே திறக்கலை. பொம்மைக்குக் குழாய் காலி. சரி, இந்த மணி வேணாம்னு மூணாவதை ரத்து பண்ணினேன் மேடம். அதோட பெட்டி முழுக்க ஊமை. எட்டரைக்கு மேல வெச்சதும் போச்சு."

"எல்லாமே போச்சா? ஒண்ணு ரத்து பண்ணினதுக்கு?"

"ஒண்ணுதான் அமுக்கினேன். வேணும்னா கைரேகை எடுத்துக்கங்க."

பூதக்கண்ணாடிக்கு முதுகுத்தண்டில் ஓர் இனிய அரிப்பு ஏற்பட்டது. தொலைந்த பொருளைவிட, தொலைந்த விதம்தான் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். திருடன் ஒரு நகையைத்தான் எடுத்தான். அதைப் புகார் செய்யப் போனவர், வீட்டையே இழந்து திரும்பியிருக்கிறார்.

"இன்னொரு தடவை வைக்கலாம். இப்ப மூணாவதை முதல்ல வைங்க, அப்புறம் ஒண்ணாவது."

வைத்தார்கள். இந்த முறை மூன்றாம் கட்டில் பிழைத்தது. முதல் கட்டில் செத்தது.

காலை 11.00. இரண்டாம் சாட்சி, கொழுந்தன். அவன் முகம் இஸ்திரி போடாத சட்டைபோல இருந்தது.

"நீ சோதிச்சியா இல்லையா?"

"லட்சம் மணி வெச்சு ஓட்டினேன் அண்ணி. ஒண்ணு தவறலை."

"என்ன நேரத்துக்கு வெச்சே?"

"கண்டபடி. கணினியே நேரத்தை எடுத்துக்கும், மைக்ரோ செகண்ட் வரைக்கும். சிற்பி சார்தான் அப்படிச் செய்யச் சொன்னார். கண்டபடி எடுத்தா எந்தப் பிழையும் தப்பாதாம்."

"மரத்துக்குள்ள போற வழி யாரோடது?"

"அது சாரோட பாலம். அதைத் தொடக் கூடாதுன்னு மெயிலே போட்டிருக்கார்."

பாலத்தின் புகழ் அலுவலகம் அறிந்தது. மணிகளை நேர வரிசையில் வைத்திருப்பது ஒரு தேடல் மரம்: முந்தியது இடப்பக்கம், பிந்தியது வலப்பக்கம், ஒரு பக்கம் நீண்டுபோனால் தானே சுழன்று சமன் செய்துகொள்ளும். இரண்டு கெர்னலிலும் அப்படி ஒரு மரம் உண்டு, அதைக் கூப்பிடும் முறைதான் வேறு. பழைய முறையில் கூப்பிட்டால் புதிய மரம் கேட்கும்படி செய்வதுதான் பாலம். சிற்பி அதை ஒரே மதியத்தில் எழுதினார். பிறகு அதைப் பற்றி மூன்று மதியம் பேசினார். 'மரம் என்றால் மரமே' என்று திரையில் ஒரு படவில்லை போட்டு, அதற்கு ஒரு நிமிடம் மௌனமும் விட்டார்.

அவள் முதலில் பூட்டை எடுத்துக்கொண்டாள். பெட்டிக்குள் ஒரே சமயத்தில் வேலை செய்யும் நான்கு ப்ராசசர்கள், மூன்றை அணைத்தாள். இனி மரத்தைத் தொட ஒரே ஒரு கைதான். இரண்டு கை முட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. மறுபடி எட்டு மணிக்கு இரண்டு வைத்து, பெட்டியின் கடிகாரத்தை எட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

இரண்டாவதாக வைத்த மணி அடிக்கவில்லை.

பிறகு இன்னொரு முறை வைத்து, நேரம் வருவதற்கு முன்பே பெட்டியை அப்படியே நிறுத்தி, நினைவகத்தைப் படம்பிடித்தாள். காணாமல்போன மணி அதில் பத்திரமாக இருந்தது. பெயர், கட்டில் எண், நேரம் எல்லாம் சரி. ஆனால் மரத்தில் தொங்கும் எதற்கும் மேலே ஒரு தாயும், கீழே இடவலமாகப் பிள்ளைகளும் இருக்க வேண்டும்; பிள்ளை இல்லாமலும் இருக்கலாம். தாய் இல்லாமல் இருக்கக்கூடியது வேர் மட்டும்தான். இதற்குத் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. வேரோ வேறெங்கோ சௌக்கியமாக இருந்தது.

அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பாலத்தைத் திறந்தாள். படிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

பிற்பகல் 3.00. மேலாளரின் அறை. சிற்பி மடிக்கணினியோடு வந்திருந்தார், 'பூட்டுகளும் பொறுப்புணர்வும்' என்ற தலைப்பு தயாராக மின்னியது. கொழுந்தன் கதவருகே நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரலாம் என்று காத்திருந்தான், யாரும் சொல்லவில்லை.

"திருட்டே நடக்கலை," என்றாள் பூதக்கண்ணாடி.

"மணி காணோமே?" என்றார் மேலாளர்.

"உள்ள இருந்தாத்தானே சார் திருட முடியும்? அது மரத்துக்குள்ள போகவே இல்லை. ஒரே ஒரு ப்ராசசர்ல ஓட்டிப் பார்த்தேன், அப்பவும் போகலை. பூட்டு நல்லாத்தான் பூட்டியிருக்கு. ஆள் வாசல்லயே நிக்கறார்."

"கவித்துவமா இருக்கு," என்றார் சிற்பி. "ஆதாரம்?"

"பழைய கெர்னல்ல மரத்துல இறங்கி இடம் தேடறது நம்ம வேலை. முந்தினா இடது, இல்லேன்னா வலது. ஒரே நேரத்துக்கு ரெண்டு மணி வந்தா, ரெண்டாவது பேசாம வலப்பக்கம் போய் உட்காந்துக்கும். நாமளே கூட்டிட்டுப் போறதால மரம் ஒண்ணும் கேட்காது. புதுசுல அப்படி இல்லை. பொருளைக் கையில கொடுத்துட்டா மரமே இறங்கித் தேடும். அதே நேரத்துக்கு ஏற்கெனவே ஒண்ணு இருந்தா புதுசைச் சேர்க்காது. 'இந்த இடத்துல இவர் இருக்கார்'னு பழையதை நம்ம கையில காட்டும்."

"காட்டினா தெரிஞ்சிருக்குமே?"

"அதைத்தான் சார் யாரும் பார்க்கலை. பழைய மரம் பதிலே சொல்லாது. புதுசு பதில் சொல்லுது. பாலம் அந்தப் பதிலை வாங்கவே இல்லை. மரம் மரியாதையா 'இடமில்லை'ன்னு சொல்லியிருக்கு, பாலம் 'சேர்த்தாச்சு'ன்னு மேல சொல்லிடுச்சு."

மேலாளர் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அப்ப லட்சம் தடவை ஓட்டினப்ப?" என்றார் மேலாளர்.

"கண்டபடி எடுத்த மைக்ரோ செகண்ட்ல ரெண்டு நேரம் ஒண்ணா அமையறது அபூர்வம். ஆனா எந்த நர்ஸ் எட்டு மணி, பூஜ்யம் நிமிஷம், நூத்திப் பதிமூணு மைக்ரோ செகண்டுக்கு மணி வைப்பாங்க? முழு மணிக்குத்தான் வைப்பாங்க."

"எல்லா மணியும் ஊமையானது?"

"மரத்துல இல்லாததைப் பிடுங்கச் சொன்னோம். அதுக்குத் தாய் இல்லை. தாய் இல்லாதது வேர்தானேன்னு மரம் நம்பிடுச்சு. வேரைப் பிடுங்கினா மிச்சம் என்ன இருக்கும்?"

மேலாளர் மெதுவாகச் சிற்பியின் பக்கம் திரும்பினார். சிற்பி மடிக்கணினியை மூடினார். அவர் குரலில் திடீரென்று ஒரு தாய்மை வந்திருந்தது.

"பாருங்க, இதுல ஒரு ஆளைச் சொல்றது ஆரோக்கியம் இல்லை. இது நம்ம குழுவோட கூட்டுப் பொறுப்பு. இதுல இருந்து எல்லாரும் கத்துக்கணும்."

"காலையில பூட்டுன்னு நினைச்சப்ப ஒரே ஆள்தான் இருந்தான் சார்," என்றாள் பூதக்கண்ணாடி. "மத்தியானத்துக்குள்ள குழு எங்கேருந்து வந்துச்சு?"

மேலாளர் இருமினார், சிரிப்பை அவர் அப்படித்தான் மறைப்பது வழக்கம். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "நீ ஏம்ப்பா நிக்கறே, உட்காரு," என்றார். "நேரம் ஒண்ணா இருந்தா எதை முன்னால வைக்கறதுன்னு யோசிச்சு வை. பாலத்தை நீயே சரி பண்ணு. திங்கட்கிழமை நிரந்தர ஊழியரா வந்து காட்டு."

"வெச்ச வரிசைக்கு ஒரு எண் கொடுத்தா போதும் சார். நேரம் ஒண்ணா இருந்தாலும் எண் ஒண்ணா இருக்காது," என்றான் அவன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி.

சிற்பி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த படவில்லைக்கு ஆகும்.

வெளியே வந்ததும் கொழுந்தன் அவள் நடைக்கு ஈடுகொடுத்துக் கூடவே வந்தான். லிஃப்ட்டுக்குப் பொத்தானை அமுக்கிவிட்டு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கேட்டே விட்டான்.

"அண்ணி, ஒருவேளை பூட்டுலதான் ஓட்டைன்னு வந்திருந்தா?"

"வந்திருந்தா மூணு மணிக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"அண்ணன்கிட்ட?"

"உங்க அண்ணன்கிட்ட அஞ்சு மணிக்கு."

லிஃப்ட் கதவு திறந்தது. அவன் முதலில் அவளுக்கு வழிவிட்டான்.