பெர்மெத் பெயரில் ஏழு ரொட்டி

"நேத்து யாருக்கு ஓட்டுக் கேட்டுக்கிட்டு வீடு வீடாப் போனே, புருல்?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த புருலின் கை அப்படியே நின்றது. சமையலறை வாசலில் கன்ஷாயிம் நின்றிருந்தாள். புருலின் கணவனுக்கு அண்ணன் மனைவி. நாரின் நகரத்து அந்த வீட்டில், கல்யாணமாகி வந்த நாள் முதல் இருவருக்கும் ஒரே முற்றம், ஒரே அடுப்பு.

"ஓட்டா? என்னக்கா சொல்றீங்க..."

"நடிக்காதே! தட்டுல ரொட்டியைத் துணி போட்டு மூடி ஏழு வீட்டுல குடுத்திருக்கே. அதுல பாதி வீட்டுப் பிள்ளைங்க பள்ளிக்கூட விவாத மன்றத்துல இருக்குதுங்க. இன்னிக்கு மன்றத்துக்குத் தலைவர் தேர்தல். என் மக நிக்கிறா, உன் மகனும் நிக்கிறான். எனக்கு இதுகூடவா புரியாது?"

"கெட்ட கனவு கண்டேன்க்கா. அதுக்குத்தான் சுட்டேன்..."

"கனவுக்குன்னா வீட்டுல சொல்லிட்டுத்தானே சுடுவோம்? நான் சந்தைக்குப் போற நேரமாப் பார்த்து எதுக்குடி சுட்டே?"

புருல் மீதித் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். அதற்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்ல உரிமை இல்லை.

கன்ஷாயிமின் பின்னால் பெர்மெத் வந்து நின்றாள். வெள்ளைக் காலர் வைத்த பள்ளி உடுப்பு. அந்தக் காலரைக் காலையில் தேய்த்து வைத்தது புருல்தான். ஒரு மாதமாக அந்தப் பெண் இடைவேளைதோறும் ஒவ்வொரு உறுப்பினரையும் தேடிப்போய்ப் பேசியிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒப்பித்து ஒப்பித்துத் தொண்டை கட்டியிருந்தது.

"உங்க மகன் ஜெயிக்கணும்னா நேராச் சொல்லியிருக்கலாமே, சித்தி? நானே விட்டுக் குடுத்திருப்பேனே..."

'சித்தி' என்ற அந்தச் சொல்!

பெர்மெத் புருலின் வயிற்றில் பிறந்தவள். கன்ஷாயிமுக்குப் பிறந்த குழந்தைகள் ஒன்றும் தங்கவில்லை. புருலின் தலைச்சன் பிள்ளையை மாமியார் துணியில் சுற்றி எடுத்துப்போய், மூத்த மருமகள் மடியில் வைத்தார். "இனி இவ அம்மா அவதான். நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார். புருல் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு மிர்பெக் பிறந்தபோது, ஊரே ஆறுதல் சொல்வதுபோல் வாழ்த்தியது. பிள்ளைகளிடம் மட்டும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

இரண்டு நாளைக்கு முன் அந்தக் கனவு வந்தது. உறைந்த ஆற்றின்மேல் பெர்மெத் நடக்கிறாள், காலடியில் பனிக்கட்டி விரிசல் விடுகிறது... பிள்ளையைப் பற்றிக் கெட்ட கனவு வந்தால், அந்த ஊர் வழக்கப்படி தாய் ஏழு ரொட்டி சுட்டு, பிள்ளையின் பேர் சொல்லி ஏழு வீட்டில் கொடுப்பாள். வாங்குகிறவர்கள் கை ஏந்தி வேண்டிக்கொண்டு உண்பார்கள். அதைச் செய்யவேண்டியது தாய். புருல் சித்திதானே? அதனால்தான் திருட்டுத்தனமாகச் சுட்டாள்.

பிற்பகல் பள்ளி அரங்கில் கன்ஷாயிமும் புருலும் மற்றப் பெற்றோருடன் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். முதலில் மிர்பெக் பேசினான். "எங்கக்கா என்னைவிட நல்லாப் பேசுவா. வீட்டுல நான் இன்னும் ஒரு விவாதத்துலகூட ஜெயிச்சதில்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

பெர்மெத் மேடையேறினாள். எழுதி வைத்திருந்த பேச்சைத் தொடவே இல்லை.

"எனக்கு ஓட்டுப் போடுங்கன்னு கேக்க மாட்டேன். எங்க வீட்டுல இருந்து ஏற்கெனவே உங்க வீட்டுக்கு ரொட்டி வந்தாச்சு. ரொட்டிக்கு ஓட்டுன்னா, நல்ல வியாபாரம்தான்!"

"ஜாம் வரலையே!" என்று ஒரு பையன் கத்தினான். யாரும் சிரிக்கவில்லை. வேண்டிக்கொண்டு தின்ற ரொட்டியை லஞ்சம் என்கிறாளா? பெரியவர்கள் முகம் இறுகியது. முன்வரிசையிலிருந்து மன்ற உறுப்பினரான பக்கத்து வீட்டு சைக்கால் எழுந்தாள்.

"அந்த ரொட்டி உன் பேர்ல வந்தது, பெர்மெத். 'பெர்மெத்துக்காக வேண்டிக்குங்க'ன்னு உங்க சித்தி சொன்னாங்க. எங்கம்மா உனக்காகக் கை ஏந்தினாங்க. நாங்க எல்லாரும் உனக்குத்தான் போடறதா இருந்தோம்..."

கை தூக்கச் சொன்னபோது பெர்மெத்துக்காக எழுந்த கைகள் மிகக் கொஞ்சம். அவற்றில் ஒன்று மிர்பெக்குடையது.

வீட்டுக்கு வந்ததும் பெர்மெத் பையைக்கூடக் கழற்றவில்லை. நேரே சமையலறைக்குள் வந்தாள்.

"எதுக்கு என் பேர்ல குடுத்தீங்க? அது அம்மா செய்யறதுதானே? நீங்க ஏன் செஞ்சீங்க?... சொல்லுங்க சித்தி!"

பின்னாலேயே வந்த கன்ஷாயிம் வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. புருல் அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, தன் ஜாடையிலேயே இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும்...

"மிர்பெக்கைப் பத்தித்தாம்மா கனவு கண்டேன்" என்றாள் புருல். "வீட்டுக்கு மூத்த பிள்ளை பேரைச் சொன்னா எல்லாருக்கும் சேரும்னு உன் பேரைச் சொன்னேன். அவ்வளவுதான்."

பெர்மெத்தின் கண்ணில் எரிந்த ஏதோ ஒன்று அணைந்தது.

"ஓ... அவனுக்குத்தானா?" என்று கசப்பாகச் சிரித்தாள். "பலிச்சிடுச்சு, சித்தி. ஜெயிச்சுட்டான்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கன்ஷாயிம் ஓடிவந்து புருலைக் கட்டிக்கொண்டாள்.

"பாவி... இப்பவாவது சொல்லியிருக்கலாமேடி! காலையில உன்னை என்னென்ன பேசினேன்... என்னை மன்னிச்சிடுடி!"

"சொல்லிட்டா உங்களுக்குன்னு யார் இருக்கா, அக்கா?"

இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, கதவுக்கு அப்பால் கேட்காதபடி அழுதார்கள்.

வெகுநேரம் கழித்து அறைக்குள்ளிருந்து கட்டிய தொண்டையுடன் குரல் வந்தது.

"அம்மா... பசிக்குது."

இரண்டு பேரும் தலை நிமிர்ந்தார்கள். கன்ஷாயிம் புருலின் கையைப் பற்றி, நீயே பதில் குரல் கொடு என்பதுபோல் அழுத்தினாள்.

புருல் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"உங்களைத்தான் கூப்பிடறா, அக்கா."