துருப்பிடிக்காத மட்கார்டு

முதலில் தெரிந்தது இரண்டு கால்கள்.

பழைய கார்க் கதவுகளும் பம்பர்களும் சரிந்து கிடந்த குவியலுக்கு அடியிலிருந்து, நல்ல தோல் செருப்பு போட்ட இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மேலே சுவரில் ஒரு தகரப் பலகை. தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது.

'தொட்டுப் பார்க்கலாம். தட்டிப் பார்க்கலாம். சுரண்டிப் பார்க்கக் கூடாது.'

செத்துக் கிடந்தவர் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.

1982, ஜூன் மாதம். மட்டாஞ்சேரி. காலை ஒன்பது மணி. ஒரு வாரமாக விடாத மழை. பக்கத்துக் குடோனிலிருந்து சுக்கு வாசனை. பின்பக்கம் காயல். அந்தப் பக்கத்து இரும்புக் கதவு துருப்பிடித்து விழுந்து ஒரு வருஷமாகிறது. குடோன்காரன் செல்லதுரை அதை மாட்டவே இல்லை. சோம்பேறி!

அந்தச் சோம்பேறித்தனம் இன்றைக்கு அவன் கழுத்துக்கே வந்திருந்தது.

"செத்தவன் யாரு?" இன்ஸ்பெக்டர் பவுலோஸ் கேட்டார். மழை நாளில் பிணம் பார்க்க வந்த எரிச்சல் குரலிலேயே இருந்தது.

"எங்க முதலாளிங்க சார்… பிச்சுமணி. கோயம்புத்தூருங்க."

பதில் சொன்னவன் சிவசங்கரன். முப்பத்தைந்து வயது. கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு டிங்கர் வேலை பார்ப்பவன். வெள்ளை வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கண்களும்தான்.

"எதுக்கு வந்தீங்க?"

"முதலாளிகிட்ட ஒரு பழைய மாரிஸ் வண்டி இருக்குதுங்க. உசுரா வச்சிருந்தாரு. அதுல வலது பக்க மட்கார்டு துருப்பிடிச்சு ஓட்டையாப் போச்சுங்க. இந்த ஊர்ல கெடைக்கும்னு கேள்விப்பட்டு, வான்னு என்னையும் இழுத்துட்டு வந்துட்டாருங்க."

"நேத்து என்ன நடந்துச்சு?"

"சாயங்காலம் ஆறரை மணி இருக்குமுங்க. அதோ அந்த மட்கார்டைப் பார்த்தாரு. உள்ளே துரு இருக்கான்னு உப்புத்தாள் போட்டுச் சுரண்டிப் பார்த்தாரு. உடனே இந்த ஆளு, 'என் சரக்கை எவன்டா சுரண்டுறது'ன்னு பாய்ஞ்சாருங்க. ஒரே சண்டை. எனக்குத் தலைவலி. நான் தோப்பும்படி லாட்ஜுக்குப் போயிட்டேனுங்க. ராத்திரி முதலாளி வரலை. காலையில தேடி வந்தா… இப்படிக் கெடக்காருங்க."

அழுதான். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் செல்லதுரை பக்கம் திரும்பினார்.

செல்லதுரைக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா காலத்தில் தென்காசியிலிருந்து வந்த குடும்பம். வாய் நீளம், கை அதைவிட நீளம். காயல் பக்கத்து வாசலோரம் இன்னொரு பம்பர் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் விலங்கு.

"பொய் சாரே! ரெண்டு பேரும் ஆறு மணிக்குப் பார்த்தாங்க. காலையில வர்றோம்னு சேர்ந்துதான் போனாங்க. நான் குடோனைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிட்டேன். எவனும் சுரண்டலை."

"மூணு வருஷம் முன்னாடி ஒருத்தன் இங்கே சுரண்டிப் பார்த்தான். அவன் மணிக்கட்டை உடைச்சது ஆரு?"

செல்லதுரை சுவரில் இருந்த பலகையைப் பார்த்தான்.

"எனிக்கு எல்லாம் அறியும். ஓட்டைக்கு மேல பட்டி வச்சு, பெயின்ட் அடிச்சு விக்கறவன் நீ. சுரண்டினா உன் பொழப்பு நாறிடும். அதான் போர்டு. அதான் கொலை. மண்டையிலே ஜாக்கி ராடால ஒரே அடி. மதி, போதும். ஏறு ஜீப்புல!"

அப்போதுதான் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"அவரை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"

வீரலட்சுமி. செல்லதுரையின் மனைவி. பாதி பின்னிய தலையோடு, வழியெல்லாம் சேறு தெறிக்க ஓடி வந்திருந்தாள். வழியிலேயே ஆட்கள் விவரம் சொல்லியிருந்தார்கள். குடோனில் சாமான் வாங்குவது அவள். விற்பது அவன். பட்டி வைப்பதும் அவன். அதைப் பற்றி வீட்டில் தினமும் சண்டை.

"கொலைக் கேஸ். தள்ளி நில்லு பெண்ணே."

"ராத்திரி பூரா அவரு வீட்லதான் இருந்தாரு சாரே."

"பெண்டாட்டி சொன்னா சாட்சியா? போ, போய் வக்கீலைப் பாரு."

வீரலட்சுமி வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். ஜீப் பாலம் ஏறிவிட்டால் அவ்வளவுதான். பழைய கேஸ் ஒன்று, புதுப் பிணம் ஒன்று. எந்தக் கோர்ட்டும் யோசிக்காது. ஊரில் பாதிப் பேர் வந்து இவன் முரடன் என்று சாட்சி சொல்வார்கள். பொய்யும் இல்லை.

"அஞ்சு நிமிஷம் சாரே. எதைச் சுரண்டினதால கொலைன்னு சொல்றீங்க? அதை மட்டும் காட்டுங்க."

"எதுக்கு?"

"வாங்கினவ நான். பார்த்துட்டுப் போறேன். பொணத்தைத் தொடலை."

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். வெளியே மழை வலுத்திருந்தது. ஜீப்பின் மேல்துணி வேறு ஒழுகும்.

"மூணு நிமிஷம்."

சுவரோரம் சாத்தியிருந்தது அந்த மட்கார்டு. கறுப்பு பெயின்ட். உட்பக்கத்தில், நட்ட நடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டியிருந்தார்கள். இரும்பு வெளியே தெரிந்தது.

வீரலட்சுமி குனிந்தாள். பார்த்தாள். விரலால் தடவினாள்.

தடவின விரலை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் போய், வேறு ஒன்று வந்தது. அதை அவள் புருஷனுக்கு நன்றாகத் தெரியும். இந்த முகம் வந்தால் அவன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

"கோயம்புத்தூர் அண்ணே… இதை எப்பச் சுரண்டினது?"

"சொன்னேனுங்களே. நேத்து சாயங்காலம். ஆறரை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னிக்குக் காலையில இல்லையே?"

"இல்லீங்க. நேத்துதான். என் கண்ணால பார்த்தேனுங்க."

"சாரே, கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன். அதுக்கென்ன?"

வீரலட்சுமி விறுவிறுவென்று மூலைக்குப் போனாள். ஒரு கார்க் கதவை இழுத்துக்கொண்டு வந்து மட்கார்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இது நேத்து நாலு மணிக்கு நான் உப்புத்தாள் போட்டுத் தேச்சு வச்ச டோர். இருட்டிப் போச்சு, துரு பிடிக்காம இருக்க ரெட் ஆக்ஸைடு அடிக்கலை. தொட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் தொட்டார். விரலெல்லாம் செம்மண் நிறத்தில் தூள்.

"இப்ப இதைத் தொடுங்க."

மட்கார்டில் சுரண்டிய இடத்தைத் தொட்டார். விரல் சுத்தமாக வந்தது. இரும்பு புதுப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்றிருந்தது.

"ஒரே குடோன். ஒரே உப்புக் காத்து. ஒரே மழை. டோர் செவந்து போச்சு… மட்கார்டு மட்டும் எப்படி சாரே பளபளங்குது?"

இன்ஸ்பெக்டர் தன் விரலை மறுபடி பார்த்தார். அவர் வீட்டு ஜன்னல் கம்பிகளை நினைத்துக்கொண்டார். சைக்கிள் ரிம்மை நினைத்துக்கொண்டார். கொச்சியில் பிறந்து வளர்ந்த மனிதர். அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அதெல்லாம் இல்லீங்க!" சிவசங்கரன் அவசரமாகக் குறுக்கே வந்தான். "துரு ஒரே ராத்திரியில வராதுங்க. எங்க பட்டறையில தேச்ச இரும்பு ஒரு வாரம் அப்படியே கெடக்கும்."

"உங்க பட்டறையில கெடக்கும்," என்றாள் வீரலட்சுமி. "இது மட்டாஞ்சேரி."

இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"இதைச் சுரண்டினது இன்னிக்குக் காலையில சாரே. செத்தவரு எந்திரிச்சு வந்து சுரண்டினாரா? இல்ல, நேத்து சுரண்டினாருன்னு கதை சொல்றவன் சுரண்டினானா?"

"இந்தப் பொம்பளை புருஷனைக் காப்பாத்தக் கதை கட்டுதுங்க சார். நான் எதுக்குங்க சுரண்டணும்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். துரு பார்க்கிறவன் எங்க சுரண்டுவான்? கீழே மடிப்புல. சேறு தங்குற இடம் அதுதான். துரு அங்கதான் ஆரம்பிக்கும். நீ டிங்கரு. உனக்குத் தெரியாதா? நட்ட நடுவுல சுரண்டினா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அங்க இருந்தது ஏதோ ஒண்ணு போகும்."

சிவசங்கரன் முகத்தில் இருந்த அழுகை நின்றுபோனது.

"எந்தா போகும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அடையாளம் சாரே. இது எங்க ஊரு மட்கார்டே இல்ல. கொச்சியில ஓடின வண்டியா இருந்தா மடிப்பு இந்நேரம் சல்லடையாப் போயிருக்கும். இது வறண்ட ஊர் இரும்பு. ஆறு மாசம் முன்னாடி கலூர்ல ஒரு புரோக்கர்கிட்ட வாங்கினேன். கோயம்புத்தூர்ப் பக்கம்னு சொன்னான். உள்ளே பெயின்ட்டுல ஏதோ எழுதியிருந்தது. நான் கவனிச்சுப் படிக்கலை."

"இப்ப அதுதான் போச்சே. எப்படித் தெரியும்?"

"போனா என்ன சாரே? ஜோடியாத்தான் வாங்கினேன். இடது பக்கத்தைக் கலூர்லயே ஒரு வொர்க்‌ஷாப்புக்கு வித்துட்டேன். அதுலயும் இதே எழுத்து இருக்கு. ஆள் அனுப்புங்க, ஒரு மணி நேரத்துல வந்துரும்."

"புளுகு! இடது பக்கத்துல எழுதவே இல்ல! அதை நான் விக்கவும் இல்ல, வண்டியிலேயேதான்…"

சொல்லி முடிக்கும் முன்பே சிவசங்கரனுக்குப் புரிந்துவிட்டது. நாக்கைக் கடித்தான். பிரயோஜனம் இல்லை.

இன்ஸ்பெக்டர் பவுலோஸ் மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

"அப்ப வலது பக்கத்தை வித்தது நீதான். எந்தா எழுதியிருந்துச்சு? சொல்லு!"

சிவசங்கரன் ஓடினான்.

காயல் பக்கம். கதவில்லாத வாசல். நாலடிகூடப் போயிருக்க மாட்டான். செல்லதுரை விலங்கு மாட்டிய கையோடு உட்கார்ந்தபடியே காலை நீட்டினான். டிங்கர் பம்பர்களின் மேல் குப்புற விழுந்தான். அந்தக் காலுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் அமைந்தது.

கான்ஸ்டபிள்கள் அமுக்கிப் பிடித்துத் தூக்கினார்கள். இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த வேட்டியில், தொடைப் பக்கம், பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளிகள்.

"ரத்தம்!" என்றார்.

"ரத்தம் இல்ல சாரே. துரு," என்றாள் வீரலட்சுமி. "மடியில வச்சுத் தேச்சிருக்கான். இரும்புத் தூள் ஈர வேட்டியில விழுந்தா மூணே மணி நேரத்துல இப்படி ஆயிரும். சோப்புப் போட்டாலும் போகாது."

சிவசங்கரன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தான். அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான் போல.

"முதலாளி மக பேரு சார்… பாக்கியலக்ஷ்மின்னு. வண்டி வாங்கின அன்னிக்கு அந்தாளே எழுதினதுங்க. வேலைக்கு வண்டி என்கிட்ட வந்தப்போ, நல்ல மட்கார்டைக் கழட்டி வித்துட்டேனுங்க. துருப்பிடிச்சுப் போச்சுன்னு பொய் சொல்லிட்டேன். அது சுத்திச் சுத்தி இந்தக் குடோனுக்கே வந்து கெடக்கும்னு யாரு கண்டா?"

"அவரு அதைப் பார்த்தாரா?"

"சாயங்காலமே சந்தேகப்பட்டாருங்க. என்கிட்டச் சொல்லலை. லாட்ஜுக்குப் போன பிறகு, டார்ச்சை எடுத்துக்கிட்டுத் தனியா பின்பக்கமா வந்தாரு. நானும் பின்னாலேயே வந்தேன். குனிஞ்சு… மக பேரை வாய்விட்டுப் படிச்சாருங்க. 'நீதானாடா'ன்னு திரும்பினாரு. போலீஸுக்குப் போறேன்னாரு. கையில ஜாக்கி ராடு தட்டுப்பட்டுது."

"காலையில திரும்ப எதுக்கு வந்தே?"

"ராத்திரி பயத்துல ஓடிட்டேனுங்க. விடியக்காலந்தான் பேரு ஞாபகம் வந்துது. வந்து சுரண்டினேன். போர்டைப் பார்த்தேன்… சண்டைக் கதை தானாக் கெடைச்சுது."

இன்ஸ்பெக்டர் செல்லதுரையின் விலங்கைக் கழற்றி சிவசங்கரனுக்கு மாட்டினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போலீஸ் ஆயிற்றே.

"அந்த போர்டைக் கழட்டு," என்று மட்டும் சொன்னார். "அடுத்த தடவை கேஸ் வேற. ஏமாத்து கேஸ். கேட்டோ?"

பிணமும் போனது. ஜீப்பும் போனது. மழையும் கொஞ்சம் விட்டது.

செல்லதுரை மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மனைவியைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவள் பார்க்காத காட்சி.

"இடது மட்கார்டு நாம வாங்கவே இல்லையே, வீரா?"

"இல்ல."

"எழுத்து இருந்ததுன்னு சொன்னியே. நானே அதைப் பார்த்ததில்லையே?"

"நானுந்தான் பார்த்ததில்ல."

செல்லதுரை அந்தச் சிவந்த கதவைப் பார்த்தான். கிட்டே போனான். இன்னொரு முறை பார்த்தான். இந்த முறை அவன் முகம் மாறியது.

"அடியேய்… இது போன வாரம் நான் தேச்சுப் போட்ட டோராச்சே! நேத்து நாலு மணின்னு போலீஸ்கிட்டயே அடிச்சு விட்டியே?"

"நேத்துத் தேச்சிருந்தாலும் செவந்திருக்கும். லேசா. அந்த இன்ஸ்பெக்டரு மூஞ்சியைப் பார்த்தேன், லேசானது அவருக்குப் பத்தாது. அதான் நல்லாச் செவந்ததா ஒண்ணு எடுத்துப் போட்டேன்."

"அப்ப சொன்னதெல்லாம் பொய்யா?"

"உள்ள இருக்கிற இரும்பு நெசம். மேல கொஞ்சம் பூசினேன்." வீரலட்சுமி அவிழ்ந்திருந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "நீங்க இருபது வருஷமா டோருக்குப் பட்டி பார்க்கிறீங்க. நான் ஒரே ஒரு நாள் சாட்சிக்குப் பட்டி பார்த்தேன். சும்மா சுரண்டிக்கிட்டு நிக்காம, சாயா குடிக்க வாங்க."