கயிறு பிடிக்கிற மாமா

காலையில் சுவரைப் பார்த்ததும் முத்துமாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? நேற்று மாலைவரை சட்டையும் கைலியுமாகச் சுவரில் இருந்த அவளுடைய அப்பாவுக்கு, இப்போது இடுப்பில் இலை முளைத்திருந்தது. தலையில் ஓர் இறகு வேறு.

"மாமா, இங்கன வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள்.

சங்கரன்கோவிலில் ஓடாமல் நின்றுபோன ஒரு விசைத்தறிக் கொட்டகையில் ஓவிய முகாம் நடந்துகொண்டிருந்தது. வெவ்வேறு மலைகளிலிருந்து பழங்குடி ஓவியர்கள் வந்து தங்கி, எல்லோரும் சேர்ந்து ஒரே நீண்ட சுவரில் வரைந்தார்கள். மனசில் கிடக்கும் வலியை வரைந்து ஆற்றிக்கொள்ளத்தான் இந்த முகாம். நீலகிரியிலிருந்து வந்த பாலம்மா அக்கா, வேங்கை மரப் பிசினைக் குழைத்து, காட்டுத்தீயில் எரிந்த தன் ஊரை வரைந்தார். புளியங்குடிக்கு மேலே மலையில் இருக்கும் பளியர் குடியிருப்பிலிருந்து சிவனாண்டி மாமா வந்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் முத்துமாரியும் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாமாவின் வலி என்னவென்று அவளுக்குத் தெரியும். பளியர்கள் பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் அண்ணனோ தம்பியோதான். வேறு யாரையும் நம்பமாட்டார்கள். அப்பா இறங்கினால் மாமாதான் பிடிப்பார். போன வருஷம் கயிறு பாறையில் உரசி அறுந்துவிட்டது. அப்பா விழுந்து கால் ஒடிந்தது.

"கயிறு அறுந்ததுக்கு நீ என்ன செய்வ மச்சான்?" என்று அப்பாவே கேட்டார். மாமாவின் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து அவர் கயிற்றைத் தொடவில்லை. பேச்சும் குறைந்துபோனது.

முகாமில் முதலில் பாறையை வரைந்தார். பிறகு கயிற்றில் தொங்கும் அப்பாவை வரைந்தார். நேற்றுதான், ரொம்பத் தயங்கி, உச்சியில் கயிற்றைப் பிடித்தபடி தன்னையும் வரைந்தார். அதற்குப் பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். முத்துமாரிக்கு அத்தனை சந்தோஷம்.

இப்போது மாமா வந்து சுவரைப் பார்த்தார். இலை அவர் கண்ணில் படவே இல்லை. உச்சியைத்தான் பார்த்தார். அங்கே அவர் வரைந்த ஆளைக் காணோம். அந்த இடத்தில் மஞ்சளாக ஒரு பெரிய சூரியன் இருந்தது. கயிறு மட்டும் அனாதையாகத் தொங்கியது.

"சரியாத்தான் அழிச்சிருக்காங்க" என்றார் மாமா மெதுவாக. "நான் பிடிச்ச லட்சணம் அப்படி. அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவோம் மக்கா." பையை எடுக்க உள்ளே போய்விட்டார்.

முத்துமாரி விறுவிறுவென்று சாம்ராஜ் சாரிடம் போனாள். அவர்தான் முகாமை நடத்துபவர். கெட்டவர் இல்லை. ஆனால், எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு கொஞ்சம் அதிகம். சூரியனுக்குக் கதிர் வரைய அப்போதுதான் உயரமான ஏணியில் ஏறியிருந்தார்.

"எங்க அப்பாவுக்கு யாரு சார் இலை கட்டுனது?"

"நான்தான் பாப்பா. நாளைக்குப் பெரிய விருந்தாளிங்க வாராங்க. பாத்த உடனே பழங்குடின்னு தெரியணும்லா?"

"நாங்க பழங்குடிதான் சார். எங்க அப்பா சட்டைதான் போடுவாரு. இலையைக் கட்டிட்டுப் போனா தேனீ சும்மா விடுமா? நீங்க ஒரு நாள் கட்டிட்டு வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

பாலம்மா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

"சரி, எங்க மாமாவை ஏன் அழிச்சீங்க?"

"அவரு மேல சும்மாதான நிக்காரு? தேன் எடுக்கவும் இல்ல."

சும்மாவாம். முத்துமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஏணி ஆடியது. சாம்ராஜ் சாரின் முகம் வெளுத்துவிட்டது.

"பாப்பா, ஏணியைப் பிடி."

அவள் ஓடிப்போய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். எவ்வளவு கோபம் என்றாலும், உயரத்தில் நிற்பவரை விட்டுவிட முடியுமா?

"விட்டுராத பாப்பா."

"நீங்க இறங்குற வரைக்கும் விடமாட்டேன் சார்" என்றாள் முத்துமாரி. "ஆனா நானும் இங்கன சும்மாதான நிக்கேன்? பெயிண்ட் அடிக்கவும் இல்ல. என்னையும் அழிச்சிருவீங்களா?"

சாம்ராஜ் சார் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். தரையில் நின்று, பிடிக்க ஆளில்லாமல் தொங்கிய கயிற்றை அண்ணாந்து பார்த்தார்.

"பிடிக்க ஆளில்லாத கயிறுன்னா எங்க ஊருல சாவுன்னு அர்த்தம் சார்" என்றாள் முத்துமாரி. "கால் சரியாகட்டும், மறுபடியும் மச்சான் பிடிச்சாத்தான் இறங்குவேன்னு எங்க அப்பா தினமும் சொல்லுதாரு. அந்த மச்சானைத்தான் நீங்க அழிச்சிட்டீங்க."

பையோடு வாசலில் நின்ற மாமா அதைக் கேட்டுவிட்டார். "அப்படியா மக்கா சொன்னாரு?"

"சத்தியமா மாமா. ஒங்ககிட்டச் சொன்னா அழுவீங்கன்னுதான் சொல்லல."

சாம்ராஜ் சார் மாமாவின் அருகில் வந்தார். "கேக்காம கை வச்சிட்டேன் அண்ணாச்சி. தப்புதான்."

"தப்புதான்" என்றாள் முத்துமாரி. அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மாமா பையைக் கீழே வைத்தார். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

"நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?" என்று கேட்டார் சாம்ராஜ் சார். "இலையெல்லாம் அழிச்சிரட்டுமா?"

"அதப் பொறவு பாப்போம். இப்ப ஏணியைப் பிடிங்க சார்" என்றார் மாமா.

சாம்ராஜ் சார் பிடித்தார். அவர் ஒழுங்காகப் பிடிக்கிறாரா என்று முத்துமாரி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள்.